காற்றில் காய்ந்த பலகை

மொட்டை அந்தக் கிடாரை மேசைமேல் வைக்கவில்லை, போட்டான். உறைகூடக் கிடையாது, ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். மேடை மேடையாக ஏறி வாசிக்கிறவன், தலையில் ஒரு முடி கிடையாது, வாயில் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. துண்டை உருவிவிட்டு கிடாரைக் கவிழ்த்து அதன் அடிவளைவில் ஒரு தட்டுத் தட்டினான். தேன் நிறப் பூச்சுக்கு நடுவே ஊசியால் குத்தியதுபோல் நாலைந்து ஓட்டைகள். அவற்றிலிருந்து மைதாபோல் பொடி கொட்டி மேசைமேல் சின்னதாகக் குவிந்தது.

"என்ன தம்பி இது?" என்றார் காதுக்காரர்.

"அது நான் கேக்க வேண்டிய கேள்வி. நேத்து வாசிச்சிட்டிருக்கேன், மடியெல்லாம் மாவு. கூட இருக்கிறவன் கேக்குறான், கிடார் வாங்கினியா, மாவு மில் வாங்கினியான்னு."

காதுக்காரர் பொடியை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் கடையிலிருந்து போன கிடார் திரும்பி வருவதே அபூர்வம். உளுத்துப் போய்த் திரும்பி வருவது அதுதான் முதல் தடவை.

காதுக்காரர் என்பது கிடார் வாசிக்கிற கூட்டம் அவருக்கு வைத்த பெயர். எலெக்ட்ரிக் கிடாருக்கு உடல் செதுக்க மரம் தேர்ந்தெடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று அந்தக் கூட்டம் நம்பியது. அவர் அதைவிட அதிகமாக நம்பினார். மரக்கடையில் ஒரு பலகையை இரண்டு விரலால் தூக்கித் தொங்கவிடுவார். விரல் முட்டியால் ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொள்வார். கடையே மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். கண்ணைத் திறந்து "பாடுது" என்பார், அல்லது "ஊமை" என்பார். ஊமை என்று சொல்லிவிட்டால் அந்தப் பலகை தங்கத்தால் செய்ததாக இருந்தாலும் அவருக்கு வேண்டாம்.

உள்ளதைச் சொன்னால், எலெக்ட்ரிக் கிடாரின் ஓசையில் மரத்துக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் அடித்துச் சொன்னதில்லை. கம்பி அதிர்கிறது, அதன் அடியில் இருக்கும் பிக்கப் அந்த அதிர்வை மின்சாரமாக்கி ஒலியைப் பெருக்குகிற ஆம்புக்கு அனுப்புகிறது, நடுவில் மரத்துக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைக் காதுக்காரரிடம் கேட்டவர்களும் உண்டு. அவர்கள் மறுபடி அந்தக் கடைப்பக்கம் வந்ததில்லை.

அவருக்கு இன்னொரு வீம்பும் இருந்தது. சூளையில் வைத்துச் சூட்டில் காயவைத்த மரத்தைத் தொடமாட்டார். "வெந்த மரம். அதுக்குத் தொண்டை அடைச்சுப் போயிருக்கும்" என்பார். வருஷக்கணக்கில் காற்றிலேயே காய்ந்த மரம்தான் வேண்டும். அதிலும் ஆஷ் என்கிற சீமை மரம். அதிலும் இறகுபோல் கனமில்லாத, வெளுத்த பலகைகள். மர வியாபாரி கெட்டிக்காரன். காற்றில் காய்ந்ததை எல்லாம் தனியாக அடுக்கி வைத்து, விலையை ஏற்றி, "உங்க காதுக்காகவே எடுத்து வெச்சேன்" என்று இவர் தலையில் கட்டிக்கொண்டிருந்தான்.

இத்தனை காதுக்கும் கீழே, அதே பட்டறையில், காதே இல்லாதவன் என்று அவர் வாயால் பட்டம் வாங்கிய ஓர் ஆள் இருந்தான். அவர் தங்கையின் புருஷன். கதவு ஜன்னல் செய்துகொண்டிருந்த தச்சன். தங்கையைக் கட்டியதும் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். கிடார் உடல்களை வெட்டுவதும் குடைவதும் அவன் வேலை. கைவேலை சுத்தம். அதைக் காதுக்காரரே மறுக்கமாட்டார். ஆனால் மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கண்ட மரத்தையும் பொறுக்கிக்கொண்டு வருவான். இடித்த பள்ளிக்கூடத்தின் மேசைப் பலகை, மாடிப்படிக் கட்டை, துணிக்கடைக் கல்லா, இயந்திரம் வந்து இறங்கிய பேக்கிங் பெட்டி, எது கண்ணில் பட்டாலும் விடமாட்டான். தட்டிப் பார்க்கமாட்டான். பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பான், ஈரமானியைக் குத்திப் பார்ப்பான், ஓரத்தில் ஒரு திருகாணியை முடுக்கிப் பிடிக்கிறதா என்று பார்ப்பான், முடிந்தது.

"மச்சான், உடம்பு ரொம்ப லேசா இருந்தா வாசிக்கிறவன் கையை எடுத்ததும் கழுத்து கீழ சாயும். ரொம்ப கனமா இருந்தா தோள் போயிடும். நடுவுல இருக்கணும். ஈரம் இருக்கக் கூடாது. மத்தபடி மரம் மரந்தான்."

"மாப்ளே, இது கிடாரு. கக்கூஸ் கதவு இல்ல" என்பார் காதுக்காரர். "அதை வெளியவே வை. உள்ள நல்ல மரம் இருக்கு."

இந்த வசனத்தை அவர் சொல்லாத வாரம் கிடையாது. மாப்பிள்ளையும் சளைக்காமல் பின்பக்கத் தகரக் கொட்டகையில் தன் பொறுக்கல்களை அடுக்கிக்கொண்டே போனான்.

நடுவில் தங்கை. பூச்சு அறை அவளுடையது. முகமூடியைப் போட்டுக்கொண்டு, காற்றாடியை ஓடவிட்டு, அவள் ஸ்ப்ரே துப்பாக்கியைப் பிடித்தால் லாக்கர் என்கிற வார்னிஷ் மரத்தின்மேல் ஈரம்போல் படியும். ஒரு தூசி ஒட்டாது, ஒரு ஒழுகல் இருக்காது. வாங்க வருகிறவர்கள் காதுக்காரரின் மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே தடவிப் பார்ப்பதெல்லாம் அவள் பூச்சைத்தான். காதுக்காரருக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் மாப்பிள்ளையை இத்தனை நாளாகச் சகித்துக்கொண்டிருந்தார். அண்ணனை விட்டால் தனக்கும் ஆளில்லை என்று தங்கை நினைத்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது மேசைமேல் மாவு.

காதுக்காரர் எழுந்து பட்டறைக்குள் போய் ஆஷ் பலகைகள் அடுக்கியிருந்த சட்டத்தின் கீழே குனிந்து பார்த்தார். அங்கேயும் மாவு. அடிப்பலகையின் ஓரமெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அடுத்து அவர் கண் எங்கே போயிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? சட்டத்துக்குப் பக்கத்தில் நாலு பைன் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பேக்கிங் பெட்டிப் பலகைகள். கொட்டகையில் மழைச் சாரல் அடிக்கிறதென்று தங்கைதான் உள்ளே எடுத்து வைத்திருந்தாள்.

"மாப்ளே!"

மாப்பிள்ளை மரம் குடைகிற ரூட்டரை நிறுத்திவிட்டு வந்தான்.

"குப்பையை உள்ள கொண்டு வராதேன்னு சொன்னேனா இல்லையா? உன் பெட்டிக்கட்டைல இருந்த பூச்சி என் மரத்துல ஏறிடுச்சு. என் மரத்துல இருந்து கிடாருக்குப் போயிருச்சு. பேரு போச்சு. இத்தனை வருஷத்துப் பேரு!"

மாப்பிள்ளை குனிந்து பொடியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தன் பெட்டிப் பலகைகளைப் புரட்டிப் பார்த்தான். ஒரு ஓட்டை இல்லை.

"மச்சான், இந்தப் பூச்சி பைன் மரத்தைத் தின்னாது. மேசை நாற்காலி செய்யிற இடத்துல இது எல்லாருக்கும் தெரியும். வைரம் பாயாத வெளுத்த மரம்தான் இதுக்குச் சாப்பாடு. அப்புறம் இந்த முத்திரை பாருங்க. கப்பல் ஏறுற பெட்டியை எல்லாம் சூட்டுல வெச்சு எடுத்துட்டுத்தான் இதைக் குத்துவாங்க. உள்ள எது இருந்தாலும் செத்திருக்கும்."

"பூச்சி வந்து உன்கிட்ட சொல்லிச்சா, எதைத் தின்னும் எதைத் தின்னாதுன்னு?"

"காத்துல காஞ்ச மரம்தான் மச்சான் இதுக்கு..."

"வாயை மூடு."

இங்கேயே நின்றிருந்தால் அது இன்னொரு வழக்கமான சண்டையாகப் போயிருக்கும். ஆனால் முன்னறையில் காத்திருந்த மொட்டைக்குப் பொழுது போகவில்லை. மூலையில் தாங்கியில் நின்ற ஒரு கிடாரை எடுத்தான். வெளிர் மரம், நடுவில் ஓர் ஆணிக்கண், மார்புப் பக்கத்தில் கறுப்பு முத்திரை அப்படியே தெரிய, மேலே கண்ணாடிபோல் பூச்சு. மாப்பிள்ளை செய்து தங்கை பூசியது, பெட்டிக்கட்டைக் கிடார். மொட்டை அதை ஆம்பில் செருகி முதலில் வேடிக்கையாகத்தான் இழுத்தான். பிறகு உட்கார்ந்தான். பிறகு எழுந்து தோளில் மாட்டிக்கொண்டு, கையை எடுத்துப் பார்த்தான், கழுத்து சாயவில்லை. அதன்பின் வாசிப்பதை அவன் நிறுத்தவே இல்லை. காதுக்காரரும் மாப்பிள்ளையும் சண்டையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"இது என்ன மரம்?" என்றான் மொட்டை.

மாப்பிள்ளை காதுக்காரரைப் பார்த்தான்.

"எதுவா இருந்தா என்ன. அந்த மாவு மில்லை நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு இதைக் குடுங்க, கணக்குத் தீர்ந்துச்சு."

காதுக்காரருக்கும் அந்த ஓசை கேட்டது. காது நல்ல காதுதான். அதில் குறை சொல்லக் கூடாது. கேட்டது பிடித்தும் இருந்தது. அதுதான் அவரைப் பொசுக்கியது. மாப்பிள்ளையின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்ததையும் அவர் கவனித்தார். அவன் அதை அடக்கிக்கொண்டான் என்பதையும் கவனித்தார். அடக்கியதை அவரால் மன்னிக்க முடியவில்லை.

"அதுலயும் பூச்சி இருக்கும்" என்றார். மொட்டையின் தோளிலிருந்து வாரைக் கழற்றினார். வயரைப் பிடுங்கினார். கிடாரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். போகிற வழியில் நாலு பெட்டிப் பலகைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

கொட்டகைக்கு முன்னால் மரச்சீவல் எரிக்கிற பழைய டிரம் இருந்தது. எல்லாவற்றையும் அதில் போட்டுத் தின்னரை ஊற்றினார். மாப்பிள்ளை ஓடிவந்து "மச்சான், பிக்கப்பையாவது கழட்டுங்க" என்றான். பாவி, அந்த நேரத்திலும் அவனுக்குப் பொருள் வீணாகிறதே என்றுதான் கவலை. காதுக்காரர் தீக்குச்சியைக் கிழித்தார். லாக்கர் பூசிய மரம் பக்கென்று பிடித்துக்கொண்டது. கம்பிகள் ஒவ்வொன்றாகச் சூட்டில் அறுந்து டணார் டணார் என்றன.

அந்தச் சத்தத்துக்குத்தான் தங்கை வெளியே வந்தாள். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு டிரம்மைப் பார்த்தாள். முத்திரை பதிந்த மரத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. அந்த முத்திரை மறையாமல் பூச வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்துப் பூசியவள் அவள்தான்.

"பூச்சி இருந்துச்சா?" என்றாள்.

"இருக்கும்."

"இருந்துச்சான்னு கேட்டேன்."

"பாப்பா, உனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த ஆளு கொண்டுவந்த குப்பை..."

"லாக்கர் அடிச்ச மரத்துல பூச்சி வெளியில இருந்து நுழையாது அண்ணே. உள்ள முன்னாடியே இருந்தாத்தான் ஓட்டை போட்டு வெளிய வரும். அவர் கிடாருல ஒரு ஓட்டை காட்டு. நான் இப்பவே வாயை மூடிக்கிறேன்."

காட்ட ஓட்டையும் இல்லை, கிடாரும் இல்லை. டிரம்முக்குள் அது பாதி கரியாகியிருந்தது. சொல்ல எதுவும் இல்லாதபோது மனிதர்கள் சத்தம் போடுவார்கள், காதுக்காரர் போட்டார். கல்யாணம் செய்து வைத்தவன் நான் என்றார். கதவு தட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கிடாரைக் கையில் கொடுத்தவன் நான் என்றார். கடைசியில், "இனிமே இந்த ஆளு இந்தப் பட்டறைல கால் வைக்கக் கூடாது" என்றார்.

"அவர் போனா நானும் போவேன்."

"போ" என்றார் காதுக்காரர். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அது வாய்க்குள்ளே நடந்தது. வெளியே யாருக்கும் தெரியவில்லை.

தங்கை தன் ஸ்ப்ரே துப்பாக்கியையும் முகமூடியையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை தராசை எடுத்துக்கொண்டான். முன்னறையில் மொட்டை இன்னும் நின்றுகொண்டிருந்தான். "எனக்கு வித்திருக்கலாமேய்யா. எரிக்கிறதுக்கு உனக்கு மனசு வந்துச்சா?" என்றான். பிறகு, "எனக்கு வேற கிடார் செஞ்சு குடு. இல்லேன்னா மேடைல மைக்கைப் பிடிச்சு உன் மாவு மில் கதையைச் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவன் எப்போது நீ என்று மாறினான் என்பதைக் காதுக்காரர் அப்புறம்தான் யோசித்தார்.

அதற்குப் பிறகு பட்டறையில் ஒரே அமைதி. மரத்தைக் கேட்பதற்கு அதைவிட நல்ல அமைதி கிடைக்காது, ஆனால் கேட்கப் பிடிக்கவில்லை. பாதிக்கப்பட்ட பலகைகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் ஒன்றைத் தட்டித் தேர்ந்தெடுத்து, மொட்டைக்கு மாற்றுக் கிடார் செய்தார். வெட்டியது சுமாராக வந்தது. பூசுவதுதான் வரவில்லை. தங்கை செய்வதைப் பல வருஷம் பார்த்திருக்கிறார். பார்த்ததெல்லாம் கைக்கு வந்துவிடுமா என்ன. லாக்கர் ஓர் இடத்தில் திட்டாக நின்றது, இன்னோர் இடத்தில் ஒழுகி உறைந்தது. சுரண்டினார், மறுபடி பூசினார், மறுபடி ஒழுகியது. மொட்டை வந்து பார்த்துவிட்டு, "முதல் கிடாரு மாவாக் கொட்டிச்சு, இது அழுதிருக்கே" என்று சொல்லி, தொடாமலேயே போய்விட்டான். அடுத்த வாரம் இரண்டு பேர் ஆர்டரை நிறுத்தச் சொல்லிப் போன் செய்தார்கள். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: அந்த அம்மா இப்போ எங்கே வேலை செய்யுது?

தங்கை இல்லாமல் பட்டறை நடக்காது. அது அவருக்குப் புரிந்தது. வேலைக்காக மட்டும்தானா என்றால், இல்லை. பட்டறையில் "அண்ணே, டீ" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் இல்லாமல் அவருக்குப் பகல் முழுவதும் வாய் கசந்தது. அவளைத் தவிர அவரிடம் எதிர்த்துப் பேச யாருக்கும் துணிச்சல் கிடையாது என்பதும், எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் தனக்கு இருக்க முடியவில்லை என்பதும் அவருக்கே புது விஷயம்.

ஆனால் கூப்பிடப் போக மனம் ஒப்பவில்லை. தப்பு அவன்மேல், நான் ஏன் போக வேண்டும்? அவர்களே வரட்டும். வர வைக்கிறேன். ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு கிடார் செய்கிறேன், அப்போது தெரியும்.

அதற்கு அவரிடம் ஒரு பலகை இருந்தது. வாங்கிய ஆஷ் பலகைகளிலேயே அதுதான் ராஜா. மர வியாபாரியின் கடையில் அதைத் தட்டியபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பட்டறைக்குக் கொண்டுபோனால் மாப்பிள்ளையின் கை படும், அவன் தராசில் மாட்டுவான், திருகாணியைக் குத்திப் பார்ப்பான் என்று பயந்து, மரக்கடையிலிருந்து நேராக வீட்டுக்குத் தூக்கி வந்து படுக்கையறை பீரோவின் மேல் போர்வை போர்த்தி வைத்துவிட்டார். அன்றிலிருந்து அது அங்கிருந்து அசையவே இல்லை. அப்படி ஒரு பலகை இருப்பதே மாப்பிள்ளைக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்காலியைப் போட்டு ஏறிப் போர்வையை விலக்கினார். பலகையைத் தூக்கினார். நினைத்ததைவிட லேசாக இருந்தது. முக்காலிமேல் நின்றபடியே இரண்டு விரலால் தொங்கவிட்டு முட்டியால் தட்டினார். கண்ணை மூடினார்.

கண்ணை மூடியது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அவ்வளவு பொடியும் கண்ணுக்குள் விழுந்திருக்கும்.

"அய்யோ, அதை ஆட்டாதீங்க!" என்று சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். "இப்பத்தான் கூட்டினேன். பாருங்க, மறுபடியும் மாவு. தினமும் இந்தக் கருமத்தைக் கூட்டிக் கூட்டி என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு."

காதுக்காரர் முக்காலிமேலேயே நின்றார். சட்டையெல்லாம் வெள்ளை.

"எப்ப இருந்து கொட்டுது?"

"மழைக்கு முன்னாடியே. முதல்ல சுண்ணாம்புன்னு நெனச்சேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நல்லாக் கேட்டீங்க. பீரோ மேல இருந்து என்னமோ கொட்டுதுன்னு வந்து சொன்னேன். 'மரத்தைத் தொட்டே, கையை ஒடிப்பேன்'னு குதிச்சீங்க. எனக்கு என்ன வந்துச்சுன்னு விட்டுட்டேன்."

அவர் கீழே இறங்கி, பலகையைக் கட்டிலில் கிடத்தி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. மேலே காகிதக் கனத்துக்கு மரம், உள்ளே முழுவதும் மாவு.

மனித மனம் இருக்கிறதே, அதற்கு வெட்கம் என்பதே கிடையாது. அந்த நிலையிலும் அவர் சப்பைக்கட்டு தேடினார். பட்டறையிலிருந்து தன் சட்டையில் ஒட்டிக்கொண்டு பூச்சி வந்திருக்கலாமோ? பெட்டிக்கட்டையிலிருந்து பறந்து, இரண்டு தெரு தாண்டி, ஜன்னல் வழியாக நுழைந்து, போர்வையை விலக்கிக்கொண்டு பலகைக்குள் போயிருக்கலாமோ? ஆனால் பெட்டிகள் வந்ததே மழையோடுதான். மழைக்கு முன்னாடியே மாவு கொட்டியிருக்கிறது. எல்லாம் ஒரே வியாபாரி, ஒரே அடுக்கு, ஒரே நாள் வாங்கியது. காற்றில் காய்ந்தது, சூடே படாதது, அவரே தட்டித் தட்டித் தேர்ந்தெடுத்தது. பலகை உள்ளுக்குள் மாவாகிக்கொண்டிருந்ததை அந்தக் காது அவருக்குச் சொல்லவே இல்லை.

மனைவி துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பெட்டிக்கட்டைக் கிடாரை அவர் எரித்த கதை அவளுக்கும் தெரியும்.

"அப்ப அந்தப் பிள்ளை மேல தப்பு இல்ல" என்றாள்.

அவர் சட்டையைக்கூட மாற்றாமல் செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"போய்க் கூட்டிட்டு வரேன்."

"என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"கூப்பிட்டா வருவா. என் தங்கச்சி."

"அதைக் கேக்கல. என்ன சொல்லுவீங்கன்னு கேட்டேன்."

அவர் படி இறங்கிவிட்டார். போகும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். பூச்சி என் மரத்திலிருந்துதான் வந்தது. சின்ன வாக்கியம்தான். தெருவில் தனியாகச் சொல்லும்போது சுலபமாக வந்தது. சலவைக்கடை முனையில் திரும்பும்போது அதில் கொஞ்சம் மாற்றினார்: பூச்சி என் மரத்திலிருந்தும் வந்திருக்கலாம். அச்சகத்தைத் தாண்டும்போது, பூச்சி எங்கிருந்து வந்தால் என்ன என்பதில் வந்து நின்றார்.

அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்தது அச்சகத்துக்குப் பின்னால் ஒரு கார் ஷெட். ஷட்டர் இடுப்பளவுக்குத் திறந்திருந்தது. குனிந்தால்தான் உள்ளே போக முடியும். அவர் வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்தார். கொக்கிகளில் கிடார் உடல்கள் தொங்கின. ஒன்று மாடிப்படிக் கட்டை. ஒன்று பள்ளிக்கூட மேசை. எந்தப் பையனோ காம்பஸ் முனையால் கீறிய கோடுகள் பூச்சுக்கு அடியில் அப்படியே தெரிந்தன. இன்னொன்று பெட்டிக்கட்டை, முத்திரையோடு. அதில் மொட்டையின் பெயர் எழுதிய சீட்டு தொங்கியது. பூச்சு எப்படி இருந்தது என்று கேட்கவே வேண்டாம்.

மாப்பிள்ளை தேய்ப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "வாங்க மச்சான்."

தங்கை எழவில்லை. ஷட்டருக்கு உட்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து துப்பாக்கியின் முனையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மேசைமேல் மூன்று கிளாஸ் டீ. இரண்டு பாதி குடித்தவை. ஒன்று தட்டு போட்டு மூடியிருந்தது.

"எதுக்கு வந்தே?" என்றாள்.

"பாப்பா, நடந்தது நடந்துபோச்சு. பழசைக் கிளற வேண்டாம். பட்டறை சும்மா கெடக்குது. ரெண்டு பேரும் வந்துடுங்க."

"பூச்சி?"

"கழிச்சுப் போட்டாச்சு. அதெல்லாம் போயிருச்சு."

"எங்கிருந்து வந்துச்சாம்?"

காதுக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகத்தில் கோபம்கூட இல்லை; சும்மா நின்றான், காத்துக்கொண்டு. அந்த முகத்துக்கு முன்னால் அந்த வாக்கியத்தைச் சொல்வதைவிட நாக்கையே அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

"எங்கிருந்து வந்தா என்ன? மரம்னு இருந்தாப் பூச்சி வரத்தான் செய்யும்."

"அண்ணே, நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அதை மட்டும் சொல்லு, நான் இப்பவே உன்கூட வரேன். இவரோட பெட்டிக்கட்டைல இருந்து வந்துச்சா, இல்லையா?"

அச்சகத்தில் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே கொக்கியில் ஓர் உடல் காற்றில் ஆடிச் சுவரில் மெல்லத் தட்டியது. மாடிப்படிக் கட்டை, நல்ல ஓசை. காதுக்காரருக்கு எல்லாம் கேட்டது. வாயைத் திறந்தார்.

"யாரு கண்டா?" என்றார்.

தங்கை துப்பாக்கி முனையைத் துடைத்து மேசைமேல் வைத்தாள்.

"நீ கிளம்பின உடனே அண்ணி போன் பண்ணாங்க" என்றாள். "பீரோ மேல இருந்த பலகையைப் பத்திச் சொன்னாங்க. மழைக்கு முன்னாடி இருந்து கூட்டுறாங்களாம். அண்ணன் சொல்றதுக்குத்தான் வராருன்னு இவர் போய் உனக்கும் சேர்த்து டீ வாங்கிட்டு வந்தார். சொல்லட்டும், நாம ஒண்ணும் கேக்க வேண்டாம், மனசு கஷ்டப்படுவாருன்னு என்கிட்ட சொல்லி வெச்சார். நான்தான் கேட்டேன். மூணு தடவை கேட்டேன்."

காதுக்காரருக்குக் காது அடைத்தது. ஏதோ சொல்லத் தலையைத் தாழ்த்தி ஷட்டருக்குக் கீழே ஒரு காலை உள்ளே வைத்தார்.

"அங்கயே நில்லு" என்றாள் தங்கை. "உன் சட்டையெல்லாம் மாவு. வெளியவே நில்லு. உள்ள நல்ல மரம் இருக்கு."

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். மாவு இருந்தது. எடுத்துவைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தங்கை எழுந்து வந்து ஷட்டரைத் தரைவரைக்கும் இறக்கினாள்.